கூரையில் ஒரு விரல்

பச்சை ஒருவழியாகக் கழன்று வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் தீயணைப்பு வண்டியை, குறுக்கே தழும்பு ஓடிய கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். நேற்றிலிருந்து ஸ்பிரிட்டில் ஊறியதில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

அவள் பூசிய சிவப்பு.

வாரம் முழுக்க அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. இடுக்குகளில் ஒளிந்திருக்கும் பெயிண்டை நெம்பி எடுக்க, அங்கே தேய்ந்துபோன கொக்கி ஊசிகளே போதும். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அவள் கைவேலைதான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்படிப் பெயிண்ட் உரித்துக் கழிக்கிற சுகம் அதில் இல்லை.

இந்த வண்டிமேல் ஒரு பழைய வழக்கு உண்டு.

கல்யாணமான புதிதில், பொழுதுபோக்காக அவள் ஒட்டிச் செய்த முதல் பொம்மை வண்டி இது. சிவப்பு பூசிக் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கூரை நடுவே ஒரு விரல் அச்சு. வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் லாரி மெக்கானிக், எதையாவது நோண்டாமல் கை சும்மா இருக்காது. வேறு விசாரணை எதற்கு?

அவள் தாம்தூம் என்று குதித்தாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இனிமேல் உன் சாமான் எதையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் பணிந்துபோனதே அவளுக்குச் சாட்சியாகப் போயிற்று. இருந்த ஆத்திரத்தில் அச்சைக்கூட அவள் உற்றுப் பார்க்கவில்லை. அன்றைக்கே வண்டியைத் தூக்கி நாத்தனார் மகனிடம் கொடுத்துவிட்டாள். அவன்தான் பச்சை அடித்து அதை ராணுவத்தில் சேர்த்தவன்.

முப்பது வருடம் கழித்து, பரணைக் காலி செய்த நாத்தனார் போன வாரம் அதைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீடு முழுக்கக் கூட்டித் துடைப்பது அவர்தான். இந்த அறையில் மட்டும் காலெடுத்து வைக்கமாட்டார். சுவருக்குச் சுவர் அலமாரி, அலமாரி நிறையக் காரும் பஸ்ஸும் லாரியும். ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி வைப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். அவர் நிலைப்படியோடு நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அந்தக் கதையை எடுத்துவிடுவாள். இவரை நம்பி லாரியைக் கொடுக்கலாம், பொம்மையைக் கொடுக்க முடியாது என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் இந்த வண்டியை இழுத்தால் போதும், ஜெயிப்பது அவள்தான்.

கடைசித் துளிப் பச்சையும் போயிற்று. கழுவித் துடைத்து, ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

அச்சு அப்படியே இருந்தது.

அதன் குறுக்கே ஒரு கோடு.

பிரஷ் கீறிவிட்டதோ என்று ஊசி முனையால் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. கைரேகை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் தொடர்ந்தது.

தன் கட்டைவிரலைக் கூரைமேல் வைத்தாள். அவள் அளவெடுத்துச் செய்த பல் செட்கூட எவர் வாயிலும் இப்படிப் பொருந்தியதில்லை.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இன்றைக்கும் உண்டு. அன்றைக்கும் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், தொட்டதே நினைவில்லாமல் தொட்டிருப்பாள். வெட்கத்தில் காது சுட்டது.

பழைய சிவப்பையும் உரித்துவிட்டுப் புதிதாகப் பூச, மேஜைமேல் பிரேக் ஆயில் டப்பா தயாராக இருந்தது. அவர் வாங்கிவந்து நிலைப்படியில் வைத்தது. தின்னரில் போட்டால் வண்டியே உருகிவிடும். பிரேக் ஆயில் பிளாஸ்டிக்கைத் தொடாது, சிவப்பை மட்டும் தின்றுவிடும். அச்சும் கூடவே போய்விடும். ஒருத்தருக்கும் தெரியாது. கதையும் பத்திரமாக இருக்கும்.

டப்பாவுக்கு நேராக வண்டியைக் கொண்டுபோனாள். கை இறங்க மறுத்தது.

அவர் டீ கொண்டுவந்தார். நிலைப்படி ஓரத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முப்பது வருடமாக இப்படி நிற்கவைத்துவிட்டோமே என்றிருந்தது அவளுக்கு.

"ஏங்க, உள்ள வாங்க. இது உங்க விரல் இல்ல. என்னோடது."

அவர் உள்ளே வரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். நீ தொட்டப்ப நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அப்புறம் ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் அலமாரிகளை ஒரு சுற்று பார்த்தார். காரும் பஸ்ஸும் லாரியும், முந்நூறுக்குக் குறையாமல் வரிசை வரிசையாக நின்றன.

"சொல்லியிருந்தா, இத்தனையும் யாரு தூசி தட்டறது?"

அவள் வண்டியைப் பிரேக் ஆயிலில் இறக்கி மூடியைப் போட்டாள். நாற்காலி முதுகில் கிடந்த தூசித் துணியை எடுத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி, அவருக்குப் பின்னால் போய், கட்டியிருந்த கைக்குள் அதை வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.