காட்டிக்கொடுக்காதவர்கள்

மேகலா அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பகடைகள். ஒரு கிண்ணம் நிறைய மிக்சர்.

துர்கேஷ் எழுந்து நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அவன் வாள்வீரன். பெயர் வஜ்ரன். இரண்டு கைகளும் எஃகு.

ஆட்டம் நடப்பது நூறு வருடம் கழித்து வரப்போகும் ஒரு நகரத்தில். கம்பெனிகளே அரசாங்கம். மந்திரங்கள் மறுபடியும் பலிக்கும் காலம். அந்தக் கம்பெனிகளை எதிர்த்து மூன்று வருடமாக, ஞாயிறுதோறும், சரவணம்பட்டியில் அவளுடைய வீட்டுக் கூடத்தில் இவர்கள் போராடிவந்தார்கள்.

நகரத்தைக் கட்டியவள் மேகலா. சந்துகளும் கோபுரங்களும் அவள் வைத்தவை. காவலர்களும் அதிகாரிகளும் அவள் வாயால்தான் பேசுவார்கள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்; நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

நால்வருக்கும் ஒரே அலுவலகம். புதன்கிழமை அவளுக்கு அங்கே வேலை போயிருந்தது.

ஒரு வாடிக்கையாளரின் தகவல்கள் மொத்தமாக அழிந்துபோயின. புது மென்பொருளைச் சோதிக்காமல் ஏற்றச் சொன்னது டீம் லீடர் துர்கேஷ். தவறு மேகலாவுடையது என்று ஒரு கடிதம் தயாரானது. அடியில் மூன்று கையெழுத்துகள்.

துர்கேஷ். ஷைலஜா. பரிதி.

வெள்ளிக்கிழமை துர்கேஷ் போன் செய்தான். ஞாயிறு ஆட்டம் உண்டுதானே என்று கேட்டான். வேலை வேறு, விளையாட்டு வேறு என்றான்.

வரச் சொன்னாள்.

வெட்கமில்லாமல் வந்தார்கள். ஷைலஜா அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். உனக்கென்ன, பெங்களூரில் நாளைக்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்தாள். பரிதி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அந்தக் குனிந்த தலையும் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

ஆட்டத்தில், கம்பெனிக் கோபுரத்தின் நாற்பதாவது மாடியில் கதவுகள் அடைபட்டுவிட்டன. வழிகாட்ட வந்த தோழி தும்பி கம்பெனியிடம் சிக்கிக்கொண்டாள். அதிகாரி ஒரு தாளை மேசையில் வைக்கிறார்.

மேகலா அதிகாரியின் குரலில் சொன்னாள்.

"நடந்த எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணுதான் காரணம்னு எழுதியிருக்கு. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்."

மின்விசிறி சுற்றியது.

ஷைலஜா மிக்சரில் முந்திரி தேடினாள்.

துர்கேஷ் சிரித்தான். உயிரே போனாலும் வஜ்ரன் தன் ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்றான். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தான். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அலுவலகத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மேலாளருக்கு முன்னால் 'ஓகே சார்' என்பதைத் தாண்டி அவனுக்கு வாய் திறக்காது.

ஷைலஜாவின் மந்திரக்காரியும் மறுத்தாள். தாளை எரிக்கப் போவதாகச் சொன்னாள். நெருப்புக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்தாள்.

நீலம்.

மேகலா இருவரையும் பார்த்தாள். ஆளுக்கொரு தாளில் பென்சிலால் எழுதிய உயிர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அடுத்தது பரிதி. அவனுடைய ஆள் ஒரு குள்ளன், பூட்டிய கணினிகளைத் திறப்பவன். பரிதி பகடையைத் தொடவில்லை.

"நான் போடுறேன்."

துர்கேஷுக்குப் புரியவில்லை. என்ன போடுகிறாய் என்றான்.

"கையெழுத்து. என் ஆளு பயந்தாங்கொள்ளி. போட்டுருவான்."

ஷைலஜா சலித்துக்கொண்டாள். மூன்று வருடக் கதையை ஒரே நிமிடத்தில் கெடுக்கிறாயே என்றாள். கூடவே இருந்த ஒருத்திக்கு யாராவது அப்படிச் செய்வார்களா என்று கேட்டாள்.

நிஜமாகவே கேட்டாள்.

துர்கேஷின் முகம் சிவந்துவிட்டது. துரோகிகளுக்கு வஜ்ரனிடம் ஒரே தண்டனைதான் என்று பதினான்கு பகடைகளையும் அள்ளினான். ஐந்தோ ஆறோ காட்டும் ஒவ்வொரு பகடையும் ஒரு வெட்டு. ஒன்பது வெட்டு விழுந்தது.

பேனாவைத் திறப்பதற்குள் குள்ளன் சரிந்தான்.

ஷைலஜா கைதட்டினாள். துர்கேஷ் மேசையைக் குத்தினான். நீதியை நிலைநாட்டியவன்போல அவனுக்கு மூச்சு வாங்கியது.

மேகலா பகடைகளை மறுபடி பார்த்தாள். விதிப்படி எல்லாம் சரி. செத்துவிட்டான் என்றாள்.

பரிதி தன் ஆளின் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு நிமிர்ந்தான். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பார்வையை விலக்கவில்லை. எதையும் கேட்கவுமில்லை.

அவளும் விலக்கவில்லை.

இன்றைக்கு இது போதும் என்று திரையை மடித்தாள். துர்கேஷ் பதறினான். வஜ்ரன் இன்னும் நாற்பதாவது மாடியில் நிற்கிறானே, தும்பியை யார் காப்பாற்றுவது என்றான்.

"அவ பாத்துக்குவா," என்றாள் மேகலா. "நீங்க கிளம்புங்க."

துர்கேஷும் ஷைலஜாவும் அந்த ஒன்பது வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே லிஃப்டுக்குள் போனார்கள். சத்தம் கீழே இறங்கி மறைந்தது.

பரிதி போகவில்லை. ஒரு காலை மட்டும் செருப்பில் நுழைத்தபடி வாசலில் நின்றான்.

அவள் கதவைச் சாத்தாமல் சமையலறைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். ஒரு டம்ளரைக் கழுவினாள்.

குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு டம்ளரை எடுத்தாள்.