ஒன்பது ஐந்து

“இதைப் போய் உன் டீம் லீடர்கிட்ட சொன்னியானா, ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல நான் தனியாத்தான் ரெண்டு பக்கமும் ஓடணும்,” என்றாள் நெட்டை, ஷூவைக் கழற்றியபடி.

ஷட்டில் கோர்ட்டின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அவளுடைய இரட்டையர் ஆட்ட ஜோடி. நெட்டையின் தோளுக்குக்கூட எட்டாததால் அவளுக்குக் குட்டி என்று பெயர்.

குட்டி மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மாலையில் மேற்படிப்பு வகுப்பு. கோர்ட் கிடைப்பதோ காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை மட்டும். ஆனால் அலுவலக வேலை ஒன்பதுக்குத் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்; நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஒன்பது மணிக்கு டீம் லீடருக்கு இரண்டு வரி அனுப்பிவிட வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாயிற்று என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

மூன்று வாரமாக அந்த இரண்டு வரியைக் குட்டி அனுப்பவில்லை. அவள் எழுதிவைத்த சின்ன புரோகிராம் ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தது.

“யார் குடி கெட்டுப்போச்சு இப்போ?” என்றாள் நெட்டை. “விட்ட ஒரு மணி நேரத்தை மத்தியானம் சாப்பிடாமகூட உக்காந்து சரிக்கட்டிடுற. வேலையை முடிச்சுத்தானே கொடுக்கிற?”

“நேத்து முடிக்கலை. கிளாஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். ஆனா அது பாட்டுக்கு இன்னிக்குக் காலையில ‘நேற்றைய வேலை முடிந்தது’ன்னு அனுப்பியிருக்கு. அதுக்கு அவர் என்ன எழுதியிருக்கார் பாரு.”

கைபேசியை நீட்டினாள். ‘சந்தோஷம்மா. உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. முழங்கால் வலி எப்படி இருக்கு?’

“வலி போய் பத்து நாளாச்சுடி. இன்னும் விடாம விசாரிக்கிறார். போன வாரம் ‘சாப்பிட்டுட்டு உக்காரு’ன்னார். பரீட்சையன்னிக்கு ‘பதறாம எழுது’ன்னார். எங்கப்பாவே இவ்வளவு கேட்டதில்லை. இந்த மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டு என்னால சோறு திங்க முடியலை.”

நெட்டை கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “தினமும் ஒன்பது அஞ்சு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்திருப்பார் போல. இவர்கிட்ட சொன்னா, ‘நாளையிலேருந்து ஒன்பதுக்கு ஆபீஸ்லயே வந்து நில்லு’ம்பார். அப்புறம் பயிற்சி கிடையாது. பயிற்சிக்கு வராதவளைக் கோச் ஃபைனல்ல இறக்க மாட்டார்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் போறியா?”

“போறேன்.”

நெட்டை பையைத் துழாவி ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். “இந்தா. வெறும் வயித்தோட திட்டு வாங்காதே.”

பத்து மணிக்குக் குட்டி டீம் லீடரின் அறைக்குள் போனாள். லிஃப்டில் நான்கு மாடியும் கடவுளை வேண்டிக்கொண்டே வந்திருந்தாள். தப்பிக்க வேண்டும் என்று அல்ல, பாதியில் பேச்சை மாற்றிவிடக் கூடாது என்று.

அவரும் அப்போதுதான் வந்திருப்பார் போலும். பையை இன்னும் திறக்கவில்லை. மேசைமேல் கார் சாவியும், ஒரு சிவப்பு ரிப்பனும், பல் உடைந்த சின்னச் சீப்பும் கிடந்தன.

“சார், காலையில ஒன்பதுக்கு உங்களுக்கு வர்றது நான் அனுப்புறது இல்லை. நான் எழுதின புரோகிராம் அனுப்புறது. அப்ப நான் ஷட்டில் ஆடிட்டிருப்பேன். இன்னிக்கு அது பொய் வேற சொல்லிடுச்சு. நேத்து வேலை முடியலை சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை நாளா?”

“மூணு வாரமா.”

“யாராவது கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“இல்லை சார்.”

“அப்புறம் ஏம்மா சொல்ற?”

“நீங்க தினமும் இவ்வளவு அன்பா விசாரிக்கிறீங்க. தாங்க முடியலை சார்.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குட்டி மனசுக்குள் ஃபைனலைத் தலைமுழுகினாள்.

“நேத்து வேலையை இன்னிக்கு முடிச்சுடு,” என்றார். “நாளையிலேருந்து அந்த ரெண்டு வரி பத்து மணிக்கு வந்தா போதும். அந்த ஒரு மணி நேரத்தை எப்ப வேணும்னாலும் சரிக்கட்டிக்கலாம். எல்லாருக்கும்தான்.”

குட்டிக்குக் கண் கலங்கியது. “எனக்காகவா சார்?”

“உனக்காக மட்டும் இல்லை.”

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘சாப்பிட்டுட்டு உக்காரு’, ‘பதறாம எழுது’, ‘முழங்கால் வலி எப்படி இருக்கு?’ எல்லாம் அங்கே தேதிவாரியாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்பது ஐந்து என்று இருந்தது. நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் உரியவைகூடத் தயாராக இருந்தன.

“உங்க எட்டுப் பேருக்கும் ஞாயித்துக்கிழமை உக்காந்து யோசிச்சு எழுதுறது நான்தாம்மா, சத்தியமா. ஆனா அனுப்புறது என்னோட புரோகிராம். அந்த நேரத்துல நான் என் பொண்ணுக்கு ஜடை பின்னி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருப்பேன்.” சிவப்பு ரிப்பனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். “சரி, இப்ப நானே கேக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கு?”