குச்சியில் குத்திய கொய்யா

“இன்னாமே இது?”

தட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான் நீலமேகம். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் முடிந்து, கொலைப் பசியோடு ராயபுரம் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தான்.

தட்டில் பல்குச்சி. குச்சியில் ஒரு திராட்சை, ஒரு துண்டு கொய்யா, மறுபடியும் ஒரு திராட்சை.

“ரயிலுப்பா. முன்னாடி கீறது இஞ்சினு,” என்றாள் மகள் மாயா.

“பஜ்ஜி கேட்டா ரயிலு வுடறீங்களா?”

“மொளகாத்தூளு, உப்புலாம் தூவிகீறேன்யா. துன்னு, ஒடம்புக்கு நல்லது,” என்றாள் அவன் மனைவி யசோதரா.

நேற்று வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி, தேங்காய்த் துருவலிலும் நாட்டுச் சர்க்கரையிலும் புரட்டித் தந்தாள். முந்தாநாள் தர்பூசணியை முக்கோணமாக வெட்டி, தயிரைத் தடவி, மாதுளை முத்தைத் தூவி, அதற்கு பீட்சா என்று பெயரும் வைத்தாள். அதற்கு முன்னால், பேரீச்சம்பழத்தின் வயிற்றைக் கிழித்து வேர்க்கடலை அடைக்கும் ஆபரேஷன்.

கொஞ்ச நாளாகவே சாயந்திரத்தில் அடுப்பு எரிவதில்லை. ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு கிண்ணம், முடிந்தது சமையல். தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பழம் நறுக்கினார்கள். நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது.

சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான். கனமாகத்தான் இருந்தது. எண்ணெய் டின்னைத் திறந்து பார்த்தான். கழுத்துவரை இருந்தது. அப்புறமென்ன, சோம்பேறித்தனம்தான்! எவளோ போனில் வீடியோ போடுகிறாள், இவள் அதைப் பார்த்துவிட்டு அடுப்புக்கு லீவு விட்டுவிட்டாள். நம்ம ஆள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

“அவ்ளோ ஆசைன்னா கடையில துன்னுட்டு வாயேன்,” என்றாள் யசோதரா.

“எனக்கு வூட்டு பஜ்ஜிதான் வேணும்!”

பாவம், அவள் கைப்பக்குவம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அதைப் பக்குவமாகச் சொல்லத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் வாழைக்காயும் கடலைமாவுமாக வந்து சேர்ந்தான். யசோதரா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரம் பார்த்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் இறங்கினான். மாவு சட்டையிலும் தலையிலும் ஒட்டிக்கொண்டது. மிச்சம்தான் வாழைக்காயில் ஒட்டியது. முதல் பஜ்ஜி காசிமேட்டு நண்டு மாதிரி நாலு பக்கமும் காலை நீட்டிக்கொண்டு மிதந்தது. வாசனை மட்டும் ஏழு ஊருக்கு அடித்தது.

யசோதரா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அடுப்பை அணைத்து ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

“புத்தி கீதாய்யா உனக்கு?”

“இன்னா தப்பு? நீ சோம்பேறி, நான் சுட்டுத் துன்றேன். என் வூடு, என் அடுப்பு!”

அவள் கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எதுத்தாப்ல யாரு வூட்டு ஜன்னலு? ஷரீஃபுன்னிசா அக்கா வூடுதானே? நோன்பு மாசம்யா இது. விடிகாலைலேர்ந்து ஒரு முழுங்கு தண்ணி கூட இல்லாம கீறாங்க. நம்ம எண்ணெ சட்டி வாசனை நேரா அவங்க மூக்குலதான் போய் ஏறும். அதுக்குத்தான்யா இந்தப் பழம், கிழம் எல்லாம்.”

நீலமேகத்துக்குச் சுருக்கென்றது.

“இத எங்கைல மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“உங்கைலயா? நீ நேரா போய் அவங்கள மாடிப்படில நிறுத்தி, ‘அக்கா, உங்களுக்கோசரம் நாங்க பஜ்ஜியவே வுட்டுட்டோம்’னு சொல்லுவ. அப்புறம் அந்தம்மா மனசு இன்னா பாடுபடும்? உன் வாயில எதுனா நிக்குமா?”

நிற்காது. அது அவனுக்கே தெரியும். தலையைக் குனிந்துகொண்டான்.

கதவு தட்டப்பட்டது. யசோதரா போய்த் திறந்தாள். சாட்சாத் ஷரீஃபுன்னிசாதான், கையில் பள்ளிவாசல் கஞ்சித் தூக்கோடு நின்றாள். தடயத்தை ஒளிக்கிற அவசரத்தில் நீலமேகம் முழு பஜ்ஜியையும் வாய்க்குள் தள்ளினான். சூடு தாங்காமல் கண் பிதுங்கியது. கன்னம் இரண்டும் பந்தாக உப்பிக்கொண்டன.

“அக்கா, மன்னிச்சுக்கக்கா. இந்தாளு தெரியாத்தனமா...”

ஷரீஃபுன்னிசா அவள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. நீலமேகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“அல்லாவே! தம்பி பஜ்ஜி சாப்புடுதா? டாக்டரு சாப்புடலாம்னு சொல்ட்டாரா?”

“எந்த டாக்டருக்கா?” என்றாள் யசோதரா.

“என்னாண்ட மறைக்காத யசோ. நீ தெனம் பழமா அறுத்து அறுத்துக் குடுக்கறத ஜன்னல் வழியா பாத்துகினுதானே கீறேன். தம்பிக்கு ஏதோ பெரிய நோவு, எண்ணெயே ஆவாதுன்னு சொல்லிகீறாங்கன்னு நானே புரிஞ்சுகினேன். கேட்டா நீ அழுவியேன்னுதான் கேக்கல. தெனம் அஞ்சு வேளையும் தம்பிக்கோசரம் துவா கேட்டேன்.”

நீலமேகம் ஏதோ சொல்லப் பார்த்தான். பஜ்ஜி விடவில்லை.

ஷரீஃபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னிக்காவது எங்க வூட்ல சமோசா பொரிக்கணும்மா. வாசனை வந்தா தம்பி ஏங்கிப்பூடுமேன்னு, இத்தினி நாளா நாங்க நோன்பு தொறந்ததே வெறும் பழத்துலதான்.”