நீலக் கிண்ணம் உடைந்த வாரம்

"போறவளைப் பிடிச்சு நிறுத்த நான் யாரு? தாராளமாப் போ. இந்த முப்பத்தேழையும் நான் ஒருத்தியா எப்படித் துடைப்பேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"அதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கோக்கா. துடைக்க ஆள் இல்லைன்னு நான் கல்யாணம் பண்ணிக்காம இருக்க முடியுமா?"

மாடி வீட்டுச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டார்கள்.

முப்பத்தேழும் பீங்கான் கிண்ணங்கள். அண்டாவுக்குத் தம்பி மாதிரி ஒவ்வொன்றும் அத்தனை பெரிசு. எல்லாமே பழசு, கையால் செய்தது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பூகோள டீச்சரான அக்கா ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை. அவற்றில் ஒருநாளும் யாருக்கும் எதையும் பரிமாறியதில்லை. உலர்ந்த துணியால் துடைக்கலாம், தண்ணீர் காட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கூடம் முழுக்கக் கிண்ணங்களுக்கு அலமாரி. தங்கைக்கு நடையில் ஒரு கட்டில்.

தங்கைக்கு முப்பத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா போன பிறகு அவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். வருகிற வெள்ளிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடைத்திருக்கும் ஊருக்குப் பயணம்.

"அவ்வளவு அவசரமாடி உனக்கு?"

"முப்பத்தெட்டு வயசுல பண்ணிக்கிறதுக்குப் பேரு அவசரமாக்கா?"

அதோடு அக்காவின் குரல் இறங்கிவிட்டது. ஜன்னல்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

"சரி, போ. போறதுக்கு முன்னாடி அம்மா கிண்ணத்தை மட்டும் உன் கையால கழுவிக் குடுத்துட்டுப் போ. அழுக்கேறிக் கிடக்கு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தி அரை மணி நேரம் ஊறட்டும்."

அம்மா கிண்ணம் என்றால் பெரிய நீலம். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவளை அதில் உட்காரவைத்துத்தான் குளிப்பாட்டினாளாம். அதைத் தொடவிட்டதே அக்கா மனசு இளகியதற்கு அடையாளம் என்று தங்கைக்குக் கண் கலங்கியது.

ஊறவைத்தாள், தேய்த்தாள், விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். விளிம்பு கையோடு வந்தது. மீதி தரையில் கிடந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தங்கை அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலையணை உறையில் போட்டாள். "விடுடி. மனசு இங்க இல்லாதப்போ கை மட்டும் எப்படி இருக்கும்?" என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் உறையைத் திறந்து காட்டினாள். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்" என்றாள். அதன்பிறகுதான் எல்லாரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அடுத்த மாதத்துக்குப் போயிற்று. அடுத்த மாதம், அதற்கும் அடுத்ததற்கு. மெக்கானிக் நேரிலேயே வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.

"அதே மாதிரி நீலமா ஒண்ணு தேடி வாங்கித் தந்துடறேன். கிளம்பேன்."

"அம்மாவைத் தேடி வாங்கித் தருவீங்களா?"

"சரி, எத்தனை மாசம் காத்திருக்கணும்? அதையாவது சொல்லு."

"அக்கா முகம் தெளியற வரைக்கும்."

"லிஃப்ட் நடுவுல நின்னா நான் போய்ச் சரிபண்ணிடுவேன். நீ இப்படி நடுவுல நின்னா, யாரைக் கூப்பிடறது?"

உள்ளேயிருந்து அக்கா இருமினாள். தங்கை தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வருஷம் திரும்புவதற்குள் அவருக்குக் கல்யாணமாயிற்று. பெண் வேறு யாருமில்லை, அதே மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். அவள் கல்யாணத்துக்கு வாங்கிய புது ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து, "மூக்குல உறுத்துதா?" என்று கேட்டு மாட்டிவிட்டதும் தங்கைதான். புதுமணத் தம்பதி அந்த வேலை ஊருக்கே குடிபோனார்கள். இங்கே மாடி வீட்டில் அக்காவுக்குப் பசி திரும்பியது. அலமாரிக்குப் புதிதாக இரண்டு கிண்ணங்களும் வந்தன.

தங்கைக்கு மட்டும் நெஞ்சில் முள் அப்படியே இருந்தது. அக்காவின் பிறந்தநாளுக்குள் அம்மா கிண்ணத்தைச் சரிபண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்று, அக்கா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துத் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உடைந்த பீங்கானும் பொம்மையும் ஒட்டித் தரும் கடை ஒன்று இருப்பதாகக் கேள்வி.

கடைக்காரர் துண்டுகளை மேசைமேல் பரப்பினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது என் கைவேலையாச்சே."

"இருக்காதுங்க. இது உடைஞ்சதே ஒரே தடவைதான். நான்தான் உடைச்சேன்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பூகோள டீச்சரோட தங்கச்சியா?"

தலையாட்டினாள். அவர் சலித்துக்கொண்டே துண்டைக் கீழே வைத்தார்.

"ஒட்டிக் குடுத்த அன்னிக்கே உங்க அக்காகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா, வெந்நீர் மட்டும் படவே கூடாதுன்னு."