பன்மைக்கு ஒரு கோடு

விடுதலையான அடிமைகளின் பெயர்களைக் கிரேக்கக் கோயிலின் சுவரில் செதுக்குவது லூக்கோனின் வேலை. அன்று வந்த கிழவியிடம் பெயர் கேட்டான். “திராத்தா” என்றாள்.

“அது பேர் இல்லம்மா. திரேஸ் நாட்டுப் பொம்பளை யாரையும் அப்படித்தான் சொல்லுவோம்.”

“நாப்பது வருஷமா அப்படித்தான் கூப்பிட்டாங்க. அம்மா வெச்ச பேரு மறந்துபோச்சு. என்னோட ஒரே சங்கிலியில இன்னொருத்தி வந்தா. அவளும் திராத்தாதான். ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டா, திராத்தாய். போன குளிர்ல அவ செத்துட்டா.”

லூக்கோன் ‘திராத்தா’ என்று வெட்டி முடித்தான். கிழவி அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

“திராத்தாய்னு ஆக்கணும்னா?”

“எங்க கிரேக்க எழுத்துல, கடைசியில நேரா ஒரு கோடு. அவ்வளவுதான், பன்மை.”

“போடுங்க.”

லூக்கோன் திடுக்கிட்டான். “விடுதலை ஒருத்திக்குத்தாம்மா. கல்லுல பன்மை இருந்தா, எழுத்து தப்பு, விடுதலை செல்லாதுன்னு உன் எசமான் மகன் வந்து நிப்பான். மறுபடியும் இழுத்துட்டுப் போயிடுவான்.”

கிழவி திரும்பிப் பார்த்தாள். மலைக்குக் கீழே, துறைமுகத்துக்குப் போகும் பாதை வெயிலில் ஆளில்லாமல் கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவன் கையிலிருந்த உளியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

தடுக்க வேண்டும் என்றுதான் லூக்கோனுக்குத் தோன்றியது. ஆனால் அவன் சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினான்.