இரண்டு ஸ்க்ரூ

அவன் கேட்பதற்கு முன்பே அவள் ரப்பரை நீட்டினாள்.

பென்சில் அழிக்கிற சாதாரண ரப்பர். சங்கரியின் மேசை டிராயரில் கிடந்தது.

அவன் கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ராம் என்கிற மெமரிப் பட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்தான். வாயால் ஊதினான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மருமகன் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ரப்பரைக் கொடுத்ததும் அடுக்களை வாசலுக்குப் போய், பாதி உடம்பு தெரிய நின்றுகொண்டாள். மகள் சங்கரி இருந்தவரை இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தது மகள்தான். "அம்மா கேக்கா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு."

சங்கரி கண்ணை மூடி இரண்டாவது ஆடியும் வந்துவிட்டது.

இப்போது நடுவில் இருப்பது இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

முதல் தடவை அது நிஜமாகவே கெட்டது. அடைமழைக் காலம். சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் வராமல் நீளநீளமாகக் கூவியது. போன் செய்தாள். கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தான். பட்டையைத் தேய்த்துச் சொருகினான். சாப்பிட்டான். சங்கரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சங்கரி எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கெட்டதெல்லாம் அவள் கைவேலை.

கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைக் கெடுக்கத் தெரியும். அவன் செய்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி மூடியை எடுப்பாள். பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்பை விரலால் நெம்புவாள். பட்டை ஒரு பக்கம் எழும்பிக்கொள்ளும். மூடிவிட்டு சுவிட்சைப் போட்டால் கூவும். அதை அப்படியே போனில் அவனுக்குக் கேட்க வைப்பாள்.

இன்று அவன் வெறுமனே தேய்த்துவிட்டுப் போகிறவனாக இல்லை. புதுப் பட்டை ஒன்று வாங்கி வந்திருந்தான். பையில் டார்ச்சும் இருந்தது. புதியதைப் போட்டுப் பார்த்தான். பழையதைப் போட்டுப் பார்த்தான். ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்து நின்றது. கடைசியில் பழைய பட்டையையே சொருகி, மெமரி டெஸ்ட்டை ஓட விட்டான்.

நீலத் திரையில் சதவீதம் மெல்ல ஏறியது.

ஏறட்டும் என்று அவள் இலை போட்டாள்.

சொதி. அவன் வருகிற நாளில் எல்லாம் சொதிதான். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு. காலையிலேயே தேங்காய்ப்பால் பிழிந்து, முருங்கைக்காய் நறுக்கி, இஞ்சிப் பச்சடியும் அரைத்து வைத்திருந்தாள்.

தை மாதம் வேறொரு வீட்டில் அவனுக்குச் சொதி வைப்பார்கள்.

அவனுடைய அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவன்தான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கென்று வாயைத் திறப்பான். திறந்த வாயால் தண்ணீர் குடிப்பான்.

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சின்ன வயது, எத்தனை நாள் தனியாக இருப்பான்.

பொய். வருத்தம் இருந்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தைக்குப் பிறகு இந்த வீட்டு வாசலில் அவன் செருப்பு கிடக்காது. சங்கரி எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த வீட்டுக்குள் வரமாட்டான்.

அவன் கை கழுவிவிட்டு வந்து திரையைப் பார்த்தான். பிழை எதுவும் இல்லை என்று வந்திருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தான். கிளிப்பை விரலால் அசைத்தான். இறுக்கமாக இருந்தது. தானாகத் திறக்கிற கிளிப் இல்லை அது.

"பட்டைல ஒரு கோளாறும் இல்ல அத்தை. யாரும் கைய வச்சாங்களா?"

"இந்த வீட்டுல யாரு இருக்கா மாப்ள."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுடைய வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நேற்று மூடியின் தகரம் கிழித்த காயம். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான் இழுத்தாள்.

அவன் குனிந்துகொண்டான்.

அவள் அடுக்களைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில் இப்படி ஒரு திருட்டு.

"வாரேன் அத்தை" என்று வாசலில் குரல் கேட்டது. கல்யாணப் பேச்சை இன்றும் எடுக்கவில்லை.

பஸ் புறப்பட்டிருக்கும் என்று தோன்றிய பிறகே வெளியே வந்தாள். மூடி அதன் இடத்தில் இருந்தது. தொட்டாள். ஆடியது. சும்மா சாத்தி வைத்திருக்கிறான்.

கழற்றிய ஸ்க்ரூ இரண்டும் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் இருந்தன. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர்.

மூடியை எடுத்துப் பார்த்தாள். தகர விளிம்பு நெடுக டேப் ஒட்டியிருந்தது. விரலை ஓட்டினாள். எங்கும் கிழிக்கவில்லை.

சங்கரியின் நாற்காலியில் உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கூப்பிட்டால் வருவான். தைக்குப் பிறகும் வருவான். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிட்டுக் கோவில்பட்டியில் பஸ் ஏறுவான். அங்கே ஒரு பெண் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சங்கரியும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மூடியைப் பொருத்தினாள். முதல் ஸ்க்ரூவை வைத்துத் திருகினாள். பிறகு இரண்டாவதை.

கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. துணியில் ஈரம் படர்ந்தது.

இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் இருந்தது. அதையும் திருகினாள்.