சோபா ஜீப்

ஜிம்பாப்வே காட்டில் தானே ஓட்டப்போகும் வாடகை ஜீப் இதுதான் என்று கூடத்து சோபாவைக் காட்டினாள் கோமளவல்லி. எந்த முகாம், எங்கே டீசல், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணவர் தணிகாசலத்துக்கு ஒரே கவலைதான்.

“சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காம நான் வண்டியில ஏற மாட்டேன்.”

“அங்க எலுமிச்சம்பழமே கொண்டுபோகக் கூடாதுங்க. வாசனை பிடிச்சு யானை வந்து வண்டியையே பிச்சுப்போட்டுடுமாம்.”

“அப்ப இங்கயே வச்சுடறேன்.”

சோபாவை மூலை மூலையாகத் தூக்கி, நான்கு கால்களுக்கு அடியிலும் பழம் வைத்தார். பிறகு இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கோமளவல்லி எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து ஹார்ன் அடித்தாள். நான்கு பழங்களும் நசுங்கின. கூடமெங்கும் எலுமிச்சை மணம் பரவியது.

வராந்தாவில் பூந்தொட்டி ஒன்று உடைந்து விழுந்தது. தணிகாசலம் எழுந்திருக்கப் பார்த்தார்.

“இறங்காதீங்க,” என்று அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். “சத்தம் போடாம கண்ணாடிய ஏத்துங்க.”

வாசலில் விழுந்திருந்த காலை வெயிலை, காதுகள் அசையும் ஒரு பெரிய நிழல் மெல்ல மறைத்தது. அவர் காற்றில் கையைச் சுழற்றிச் சுழற்றிக் கண்ணாடியை ஏற்றினார். கோமளவல்லி நிதானமாக ரிவர்ஸ் கியர் போட்டாள்.